நஞ்சைத் தேடிய வரலாறு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். அது வெறும் அணிமொழி அன்று. வீடுதோறும் கண்கூடாகக் கண்ட உண்மை. நலமாக நடமாடிக்கொண்டிருந்த பெண் நிறைமாதத்தில் தலைவலி என்று படுப்பாள். கண் மங்குகிறது என்பாள். பின்னர்க் கைகால்கள் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். பொழுது விடிவதற்குள் தாயும் சேயும் ஒருசேர மறைந்துபோவதும் உண்டு. இந்த வலிப்பையும் மற்றப் பேறுகாலக் காய்ச்சல்களையும் சேர்த்து ‘ஜன்னி’ என்ற ஒரே சொல்லால் ஊரார் குறித்தனர். பேய்க்குற்றம் என்று வேப்பிலை அடித்தவர்களும் இருந்தனர்.

மருத்துவ நூலார் இவ்வலிப்பை எக்லாம்ப்ஸியா என்பர். தமிழில் சூல்வலிப்பு எனலாம். வலிப்பு வருமுன், கருவுற்ற இருபதாம் வாரத்துக்குப் பிறகு, இரத்த அழுத்தம் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் காணப்படும் நிலைக்குப் பிரி-எக்லாம்ப்ஸியா, அதாவது முன்சூல்வலிப்பு என்று பெயர். கருவுறும் பெண்களில் 100-க்கு 2 முதல் 8 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். 2003 முதல் 2009 வரை உலகில் நிகழ்ந்த தாய் இறப்புகளை ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனத்தார் 2014-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அக்கணக்கின்படி, இறந்த தாய்மார் நூற்றுவரில் 14 பேரைக் கொண்டுசென்றவை கர்ப்பகால இரத்த அழுத்த நோய்களே.

இந்நோய் ஏன் வருகிறது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு நெடியது. அதில் ஹார்மோன்கள் எனப்படும் உட்சுரப்பு நீர்களின் கதை ஒரு தனி அத்தியாயம். தாயின் குருதியிலும் பிறந்த குழந்தையின் கொடிக்குருதியிலும் இந்நீர்கள் கூடியும் குறைந்தும் இருப்பதை அறிஞர்கள் அளந்து கண்டனர். ஆனால் ஓர் அளவு மாறியிருக்கிறது என்று காண்பது வேறு; அம்மாற்றமே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதால் விளைந்த தீங்கையும், அதிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடத்தையும் இப்பேச்சில் நோக்குவோம்.

எக்லாம்ப்ஸியா என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. மின்னலைப் போல் திடீரெனப் பளிச்சிடுவது என்பது அதன் பொருள். பழைய கிரேக்க மருத்துவர்கள் கர்ப்பிணிகளின் தலைவலியையும் வலிப்பையும் அஞ்சத்தக்க குறிகளாகக் கூறினர். 17 ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த மோரிஸோ என்னும் பேறுகால மருத்துவர், முதற் கர்ப்பத்தில் இவ்வலிப்பின் ஆபத்து மிகுதி என்று எடுத்துக்காட்டினார். ஆயினும் 18 ஆம் நூற்றாண்டு வரையில் பலர் இதனைக் காக்கைவலிப்பின் ஒரு வகையாகவே எண்ணி வந்தனர்.

முதல் உண்மையான துப்பு 1843-இல் கிடைத்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்பவர் பணியாற்றி வந்தார். அதே மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட், சிறுநீரக நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் வைத்துக் காய்ச்சினால் அது முட்டையின் வெண்கரு போல் திரைவதை முன்னரே காட்டியிருந்தார். லீவர் அந்த எளிய சோதனையை வலிப்பு கண்ட கர்ப்பிணிகளிடத்தில் செய்து பார்த்தார். அவர்களுள் பெரும்பாலோரின் சிறுநீரிலும் ஆல்புமின் என்னும் புரதம் இருந்தது. பிரசவத்துக்குப் பின் சில நாட்களில் அப்புரதம் மறைந்துபோவதையும் அவர் கண்டார். நாட்பட்ட சிறுநீரக நோயாயின் அவ்வளவு விரைவில் மறையாது. ஆகவே கர்ப்பமே இதற்கு மூலம், கர்ப்பம் நீங்கினால் நோயும் நீங்கும் என்ற கருத்து வேர்கொண்டது.

இரண்டாம் துப்புக்கு மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரச மட்டத்தால் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். மறு ஆண்டே பாரிஸில் வாக்கே, நோபேகூர் என்னும் இருவர், சூல்வலிப்பு கண்ட பெண்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதைக் கண்டறிந்தனர். இவ்வாறு 20 ஆம் நூற்றாண்டு பிறக்கும்போதே, நோய் முற்றுமுன் அதனை அறிந்துகொள்ள இரண்டு எளிய வழிகள் மருத்துவர் கையில் இருந்தன. ஒன்று சிறுநீர்ச் சோதனை, மற்றொன்று அழுத்தமானி.

இவ்விரண்டையும் நம்பியே கர்ப்பகாலப் பரிசோதனை என்னும் ஏற்பாடு பெரிதும் உருவாயிற்று. 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் ஓர் அட்டவணையை வகுத்தது. தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், இருபத்தெட்டாம் வாரத்திலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறையும், முப்பத்தாறாம் வாரத்துக்குப்பின் வாரந்தோறும் கர்ப்பிணியைச் சோதிக்க வேண்டும் என்பது அதன் விதி. மாதம் ஏற ஏறப் பரிசோதனை நெருங்கி வருவதன் காரணங்களுள் தலையாயது, இந்நோய் கடைசி மாதங்களில் விரைந்து முற்றுவதேயாகும். பல நாடுகளின் கர்ப்பகாலப் பரிசோதனை முறைகள் பல்லாண்டுகள் இந்த அட்டவணையையே தழுவி நடந்தன.

அடையாளங்கள் தெரிந்தன, காரணம் தெரியவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருமிகளும் அவை வெளியிடும் விஷங்களும் பற்றிய அறிவு மேலோங்கியிருந்தது. ஆகவே இந்நோயும் குருதியில் கலந்த ஏதோ ஒரு விஷத்தின் வேலையாகவே இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதி, ‘கர்ப்பகால நச்சேற்றம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அவ்விஷம் குடலில் பிறக்கிறது என்றனர் சிலர். ஈரலில் என்றனர் வேறு சிலர். சொத்தைப்பல்லையும் மார்பகத்தையும் குறை கூறியவர்களும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ஸ்வைஃபெல் சலிப்புற்று, இது கொள்கைகளுக்குப் பெயர்போன நோய் என்று 1916-இல் கூறும்படியாயிற்று. விஷத்தை வெளியேற்றுவதாக எண்ணி நோயாளியின் இரத்தத்தை வடித்தனர்; பேதிக்குக் கொடுத்தனர். ரஷ்யாவில் ஸ்ட்ரோகனோவ், நோயாளியை இருட்டறையில் அமைதியாகக் கிடத்தி, தூக்க மருந்துகள் தந்து காத்தார். அந்நாளைய முறைகளுள் அது எவ்வளவோ மேலானதாக விளங்கிற்று.

இந்தக் குழப்பத்தின் நடுவே ஓர் உண்மை மட்டும் மெல்லத் துலங்கியது. முத்துப்பிள்ளை என்று நம் பெண்கள் வழங்கும் ஒருவகைக் கர்ப்பத்தில் குழந்தை உருவாவதில்லை. கருப்பையினுள் திராட்சைக் குலை போன்ற கொப்புளங்களே வளர்கின்றன. அந்தக் கர்ப்பத்திலும் இந்நோய் வருவதுண்டு. அதுவும் முன்கூட்டியே, கடுமையாக. ஆகவே நோய்க்குக் குழந்தை இருந்தாக வேண்டும் என்பதில்லை. நஞ்சுக்கொடித் திசு இருந்தால் போதும். பேறு முடிந்து நஞ்சுக்கொடி வெளியேறிய பின்னரே நோய் தணியத் தொடங்குகிறது என்பதும் இதற்கு ஒத்து வந்தது. நச்சுப் பொருளை உடலெங்கும் தேடிய அறிஞர்களின் பார்வை இறுதியில் வந்து நின்ற உறுப்பை, நம் தமிழ் மக்கள் தொன்றுதொட்டு ‘நஞ்சு’ என்றே வழங்கி வருகின்றனர். சொல்லொற்றுமை தற்செயலானதாகலாம், ஆயினும் எண்ணி வியக்கத்தக்கது.

நஞ்சுக்கொடி வெறும் உணவுக் குழாய் அன்று. அது பெரிய ஹார்மோன் தொழிற்சாலை. ஹார்மோன் என்ற சொல்லையே 1905-இல்தான் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் வழக்குக்குக் கொண்டுவந்தார். பெர்லின் நகரில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இருவர், கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசியால் ஏற்றி, கர்ப்பத்தை உறுதி செய்யும் முறையை 1920-களின் இறுதியில் கண்டனர். அச்சோதனைக்கு அடிப்படையாக இருந்தது நஞ்சுக்கொடி சுரக்கும் கோனடோட்ரோபின் என்னும் ஹார்மோன். அளக்க ஒரு கருவி கிடைத்ததும், எல்லா நோயையும் அக்கருவியால் அளந்து பார்க்க மனம் விழைவது இயல்புதானே.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த மகளிர் மருத்துவமனை ஒன்றில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்னும் ஆராய்ச்சித் தம்பதியர் இருந்தனர். 1930-களில் அவர்கள் முன்சூல்வலிப்பு கண்ட பெண்களின் குருதியையும் சிறுநீரையும் பொறுமையுடன் ஆராய்ந்தனர். கோனடோட்ரோபின் வழக்கத்தினும் மிகுந்திருப்பதையும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மை ஹார்மோன்கள் குறைந்திருப்பதையும் கண்டனர். நோய்க்குறிகள் தோன்றுமுன்னரே இம்மாறுபாடு தொடங்குவதாகவும் கூறினர். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. கோனடோட்ரோபின் மிகுந்திருப்பதைப் பிற்காலத்தவர் பலரும் உறுதி செய்திருக்கின்றனர். பிழை நேர்ந்தது அளவையில் அன்று. அளவையிலிருந்து கட்டிய முடிவில்.

குறைந்திருப்பதை நிரப்பினால் நோய் வராது என்று அவர்கள் எண்ணினர். நிரப்புவதற்கு ஒரு மருந்தும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. 1938-இல் லண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும், ஈஸ்ட்ரோஜனைப் போல் வேலை செய்யும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பொருளைச் செயற்கையாக ஆக்கியிருந்தனர். அதற்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை; ஆகவே மருந்துக் கம்பெனிகள் பலவும் அதை மலிவாகச் செய்து விற்றன. விழுங்கினால் போதும், ஊசி வேண்டுவதில்லை. கருச்சிதைவையும் முன்சூல்வலிப்பையும் தடுக்கும் என்று 1940-களில் அது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1948-இல் ஆலிவ் ஸ்மித் தம் ஆய்வின் பயனை வெளியிட்டு, மருந்து நன்மை செய்வதாக எழுதினார். ஆனால் மருந்து உண்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை உண்டவர்களின் கூட்டம் அவ்வாய்வில் இல்லை.

அந்தக் குறையைச் சிகாகோ நகரில் டீக்மான் என்னும் மருத்துவர் நீக்கினார். அவர் குழுவினர் ஏறத்தாழ 1,600 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டில்பெஸ்ட்ராலும் மற்றொரு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். எது எவர்க்கு என்பதைத் தாய்மாரும் அறியார். 1953-இல் முடிவு வெளிவந்தது. கருச்சிதைவும் குறையவில்லை, குறைப்பிரசவமும் குறையவில்லை, முன்சூல்வலிப்பும் குறையவில்லை. இவ்வளவு தெளிவான விடை கிடைத்த பின்னரும் அம்மருந்து உடனே நிற்கவில்லை. பழக்கமும் விளம்பரமும் நம்பிக்கையும் அதனை மேலும் 18 ஆண்டுகள் வாழவைத்தன.

1971-இல் அதன் விலை தெரியவந்தது. பாஸ்டனில் ஹெர்பஸ்டும் அவருடைய தோழர்களும், இளம்பெண்கள் எண்மருக்குப் பிறப்புறுப்பில் ஓர் அரிய புற்றுநோய் கண்டதை ஆராய்ந்தனர். அத்தனை இளவயதில் அந்நோய் வருவது கேள்விப்படாதது. அவ்வெண்மரில் எழுவரின் தாய்மார், அவர்களைச் சுமந்த காலத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் உண்டவர்கள். தாய் உண்ட மாத்திரை, வயிற்றில் இருந்த மகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் தாக்கியது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, கர்ப்பிணிகளுக்கு இதனைத் தரலாகாது என்று எச்சரித்தது. அதற்குள் பல இலட்சம் தாய்மாரும் குழந்தைகளும் அதற்கு ஆட்பட்டுவிட்டனர். புற்றுநோய் கண்டவர்கள் அவர்களுள் மிகச் சிலரே எனினும், கருப்பைக் குறைபாட்டாலும் கருத்தரியாமையாலும் துன்புற்ற மகளிர் பலர்.

ஹார்மோன் குறைந்தது நோய்க்குக் காரணம் என்று கொண்டதே இத்தவற்றின் வேர். நஞ்சுக்கொடி நலிந்தால் அது சுரக்கும் நீர்களின் அளவும் மாறத்தானே செய்யும்? விளக்கு மங்குகிறது என்றால் திரியை மாற்றுவதா, எண்ணெயைப் பார்ப்பதா என்று முதலில் தெளிய வேண்டும். ஸ்மித் தம்பதியர் கண்டது நோயின் நிழலை. அந்நிழலுக்கே மருந்திட முயன்றனர்.

இப்பாடத்தை ஏற்ற அடுத்த தலைமுறையினர், ஹார்மோன் அளவுகளை மருந்துக்கு வழியாகக் கொள்ளாமல் செய்தி கூறும் தூதாகக் கொண்டனர். 1960-களில் ஸ்டாக்ஹோம் நகரில் டிட்ஸ்ஃபாலுஸி என்பவர் ஒரு நுட்பத்தை விளக்கினார். கர்ப்பிணியின் சிறுநீரில் மிகுதியாகக் காணும் எஸ்டிரியால் என்ற ஹார்மோனைத் தாய் தனித்து ஆக்குவதில்லை. குழந்தையின் அட்ரீனல் சுரப்பி மூலப்பொருளைத் தருகிறது. குழந்தையின் ஈரல் அதனைப் பக்குவம் செய்கிறது. நஞ்சுக்கொடி முடித்துத் தாயிடம் சேர்க்கிறது. தாயின் சிறுநீரில் குழந்தை தன் நலத்தை எழுதி அனுப்புவது போன்றது இது. ஆகவே முன்சூல்வலிப்பு கண்ட தாயின் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் சேகரித்து எஸ்டிரியாலை அளந்து, அது தாழ்ந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் கணித்தனர். நாளுக்கு நாள் அளவு மிகவும் ஏறி இறங்கியதால் அம்முறை போதிய உறுதி தரவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் கருவியும் ஒலியலைக் கருவியும் வந்தபின் 1980-களில் அது வழக்கொழிந்தது.

இதற்கிடையே வேறோர் ஹார்மோனின் போக்கும் தெரியவந்தது. ஆஞ்சியோடென்ஸின் என்பது இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துவது. நலமுள்ள கர்ப்பிணிக்கு அதனை ஏற்றினாலும் அழுத்தம் எளிதில் உயர்வதில்லை. முன்சூல்வலிப்பு வரவிருக்கும் பெண்களிடமோ இந்தத் தாங்குதிறன் பல வாரங்களுக்கு முன்பே அழிந்துவிடுகிறது என்று 1973-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் காண்ட் என்பவரும் அவர் குழுவினரும் காட்டினர். இங்கே குருதியில் அந்த ஹார்மோனின் அளவு உயர்ந்தது காரணம் அன்று. குழாய்கள் அதற்கு இணங்கும் முறைதான் மாறியிருந்தது. அளவை மட்டும் பார்த்தவருக்கு இவ்வுண்மை புலப்பட்டிராது.

பிறந்த குழந்தையின் கொடிக்குருதியை ஆராய்ந்தவர்களும் இவ்வாறே எச்சரிக்கையுடன் நடக்க வேண்டியிருந்தது. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி உண்டு. தாயின் கார்ட்டிஸால் என்னும் ஹார்மோன் வேகமாகக் குழந்தையை அடையாதபடி அது காவல் காக்கிறது. முன்சூல்வலிப்பில் அந்நொதியின் வேலை தளர்வதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிராணவாயு போதாமல் வளர்ந்த குழந்தையின் குருதியில், சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் மிகுந்திருக்கும். வளர்ச்சி குன்றிய குழந்தையிடத்து, வளர்ச்சிக்குரிய இன்சுலின் போன்ற காரணி குறைந்திருக்கும். தாயின் குருதியிலோ லெப்டின், நஞ்சுக்கொடி சுரக்கும் ஸி.ஆர்.எச். முதலியன உயர்ந்து காணப்படுகின்றன. ஆனால் பிரசவ வலியே குழந்தையின் கார்ட்டிஸாலை உயர்த்திவிடும். வலி தொடங்குமுன் அறுவையால் எடுத்த குழந்தைக்கு அது தாழ்ந்திருக்கும். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையின் கணக்கு இன்னும் வேறு. ஆகவே ஒத்த மாதத்தில், ஒத்த முறையில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டாலன்றி, எது நோயின் விளைவு, எது பிறந்த முறையின் விளைவு என்று பிரித்துச் சொல்லுதல் இயலாது.

அப்படியாயின் நோயின் மூலம் யாது? 1967 முதல் ப்ரோஸென்ஸ், ராபர்ட்ஸன், டிக்ஸன் ஆகியோர் நஞ்சுக்கொடி பதிந்திருந்த கருப்பைச் சுவரை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். இயல்பான கர்ப்பத்தில், அங்குள்ள சுருள் நாடிகள் அகன்று, வாய்க்கால் போல் தாராளமாகக் குருதியைப் பாய்ச்சுகின்றன. முன்சூல்வலிப்பில் அவை போதிய அளவு அகல்வதில்லை. கடைமடைக்கு நீர் எட்டாத வயலைப்போல் நஞ்சுக்கொடி வாடுகிறது. வாடிய நஞ்சுக்கொடி ஏதோ ஒன்றைத் தாயின் குருதியில் கலக்கிறது. அது தாயின் இரத்தக் குழாய்களின் உட்புறத்தைக் கெடுக்கிறது என்ற கருத்து 1980-களின் இறுதியில் உரம் பெற்றது.

அந்த ‘ஏதோ ஒன்று’ 2003-இல் ஓரளவு பிடிபட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டனில் ஆராய்ச்சி செய்த டாக்டர் அனந்த் கருமாஞ்சியும் அவர் குழுவினரும், நோயுற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி.-1 என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரப்பதைக் கண்டனர். இரத்தக் குழாய்களைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அது பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். அளவு மிகுந்திருக்கிறது என்று கண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அப்புரதத்தைக் கர்ப்பமுற்ற எலிகளின் உடலில் மிகச் செய்தனர். எலிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரில் புரதம் கண்டது. சிறுநீரகத்தில் இந்நோய்க்கே உரிய மாற்றமும் தோன்றியது. நிழலைக் கண்டு நில்லாமல், பொருளைக் கையிலெடுத்துச் சோதித்த முறை இது.

இதன் பயனாக இன்று அப்புரதத்துக்கும் பி.எல்.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதத்தைக் குருதியில் அளக்கின்றனர். அவ்விகிதம் 38 அல்லது அதற்குக் கீழாயின் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வருவது அரிது என்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆயினும் அந்த விகிதத்தைச் சீராக்கி நோயை மாற்றும் மருந்துகள் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கின்றன. ஸ்டில்பெஸ்ட்ரால் தந்த பாடத்தை நினைப்பவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

காரணத்தைத் தேடும் பயணம் இவ்வாறு நீண்டிருக்க, உயிரைக் காத்த மருந்து வேறு வழியில் வந்தது. பேதிக்குக் கொடுக்கும் எப்ஸம் உப்பாகிய மக்னீஸியம் ஸல்பேட்டை 1906-இல் ஜெர்மனியில் ஒருவர் இவ்வலிப்புக்குப் பயன்படுத்தினார். 1920-களில் அமெரிக்க மருத்துவர்கள் அதனை ஊசியாக ஏற்றினர். 1955-இல் பிரிச்சர்டு என்பவர் அதற்கு ஓர் ஒழுங்கான அளவு முறையை வகுத்தார். நம் சென்னையிலோ டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன் வேறொரு முறையைக் கையாண்டார். அரசியலில் புகழ்பெற்ற கிருஷ்ண மேனன் வேறு. இவர் மகப்பேற்று மருத்துவர். பெத்திடின், குளோர்புரோமஸின், புரோமெதஸின் ஆகிய மூன்றையும் கலந்து தரும் அவரது சிகிச்சை 1961-இல் ஆங்கில மருத்துவ இதழில் வெளிவந்து, இந்தியாவில் பல்லாண்டுகள் பெருவழக்காக இருந்தது.

எம்முறை சிறந்தது என்பதைப் புகழால் தீர்க்க முடியாது. ஒப்பீட்டால்தான் தீர்க்க முடியும். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் சூல்வலிப்பு கண்ட 1,687 பெண்களைக் கொண்டு நடந்த சோதனை 1995-இல் முடிவு தந்தது. டயஸிபம், பெனிட்டாயின் என்னும் இரு மருந்துகளைவிட மக்னீஸியம் வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் மேம்பட்டது என்று அது காட்டியது. சென்னைக் கலவையோடு ஒப்பிட்ட சோதனைகளும் மக்னீஸியத்தையே மேலாகக் கண்டன. 2002-இல் 33 நாடுகளில் 10,141 பெண்களைக் கொண்டு நடந்த மற்றொரு சோதனை, முன்சூல்வலிப்பு நிலையிலேயே அதனைக் கொடுத்தால் வலிப்பு வருவது பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்று நிறுவியது. எவ்வாறு வேலை செய்கிறது என்று முற்றும் விளங்குமுன்பே, வேலை செய்கிறது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. ஸ்டில்பெஸ்ட்ராலின் கதைக்கு இது நேர்மாறு. அங்கே விளக்கம் அழகாக இருந்தது, பயன் இல்லை.

தடுப்பு முறையிலும் சிறிது முன்னேற்றம் உண்டு. ஆபத்து மிகுந்த பெண்களைத் தேர்ந்து, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, முப்பத்தேழு வாரத்துக்கு முன் பிரசவிக்க நேரும் கடுமையான முன்சூல்வலிப்பு 100-க்கு 4.3 என்பதிலிருந்து 1.6 ஆகக் குறைந்ததை 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மக்களுக்குக் கால்சியம் மாத்திரை உதவுகிறது. இவை மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. கடையில் தாமே வாங்கி உண்பவை அல்ல.

இவ்வரலாறு, தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்குத் தனியே உணர்த்துவது ஒன்று உண்டு. மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம் குடும்பங்களில், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துச் செல்லுதல் வழக்கம். நோய் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அம்மாதங்களில்தான். முதற் கர்ப்பத்தில்தான் ஆபத்தும் மிகுதி. ஊரில் அவளை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர் இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்று காண்கிறார் என்று கொள்வோம். அது புதிதாக ஏறியதா, முன்பே இருந்ததா? கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இயல்பாகவே அழுத்தம் சற்றுத் தாழும். ஆகவே தொடக்க மாதங்களில் குறித்த அளவு கையில் இல்லையேல் இக்கேள்விக்கு விடை காண்பது அரிது. அந்த அளவு ஆயிரம் மைலுக்கு அப்பால் அலமாரியில் கிடந்தால் என்ன பயன்?

நாடெங்கும் வழங்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் இடம் இருக்கிறது. மூன்றாம் மாதத்துக்குள் அந்த அட்டையைப் பெற்று, ஒவ்வொரு முறையும் எண்களை எழுதச் சொல்லி வாங்குதல் வேண்டும். 2016 முதல் மாதந்தோறும் 9 ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. சீர்வரிசைப் பெட்டியில் பட்டும் வளையலும் வைக்கும்போது இந்த அட்டையையும் மறவாமல் வைக்க வேண்டும். பெட்டியில் அன்று, பெண்ணின் கைப்பையில் வைத்தல் இன்னும் நன்று. ரயிலில் இரண்டு இரவு பயணம் செய்பவளுக்கு வழியிலும் அது தேவைப்படலாம்.

ஓயாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது போன்ற மங்கல், நெஞ்சுக்குழியின் கீழோ வலப்பக்க விலாவின் கீழோ கடும் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினும், பித்தம் என்றும் அலைச்சல் என்றும் கசாயம் வைத்துக் காத்திருத்தல் ஆகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இக்குறிகளை அவ்வூர் மொழியில் சொல்ல வீட்டில் ஒருவரேனும் கற்றிருப்பது நலம். பிரசவம் ஆகிவிட்டது என்று கவலையை முற்றும் விடுவதும் கூடாது. பிறகும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் வரையும், வலிப்பு வரக்கூடும். இந்நோய் கண்ட தாய்மாருக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கும், இதய நோய் வரும் வாய்ப்பு இரு மடங்கும் ஆகும் என்று 2007-இல் தொகுத்த ஆய்வொன்று கூறுகிறது. ஆகவே ஆண்டுதோறும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

நூற்றாண்டுக்கு மேல் அறிஞர்கள் நஞ்சைத் தேடினர், ஹார்மோன்களை அளந்தனர், ஒருமுறை வழி தவறிப் பல குடும்பங்களுக்குத் தீங்கு நேரவும் கண்டனர், மீண்டும் உண்மையின் பாதைக்குத் திரும்பினர். அத்தேடல் இன்னும் முடியவில்லை. அது முடியும் வரையில் நம் பெண்களைக் காப்பவை 1843-இலும் 1896-இலும் கிடைத்த அந்த எளிய கருவிகள் இரண்டுமே. கையில் கட்டும் பட்டைக்கும் ஒரு குப்பிச் சிறுநீருக்கும் செலவாகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை எந்த வீடும் கர்ப்பிணிக்கு மறுக்கலாகாது.